கொடையிலிருந்து ஒப்பந்தத்திற்கு: சுயமரியாதைத் திருமணமும் எழுதப்படாத நிபந்தனைகளும்

ஆய்வுச் சுருக்கம்

தமிழ்ச் சமூகத்தில் திருமணம் குறித்த பெண்ணிய விமர்சனத்திற்குச் சுயமரியாதை இயக்கம் வலுவான அடித்தளம் அமைத்தது. பெண்ணைக் கொடைப்பொருளாகக் கருதும் மணமுறையை மறுத்து, இருவர் செய்துகொள்ளும் ஒப்பந்தமாக மணத்தை அது வரையறுத்தது. 1967-ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டம் இம்மணத்திற்கு ஏற்பு வழங்கியது. ஆயினும் சட்டம் ஏற்றது மணம் நிகழும் முறையை மட்டுமே. மணத்தின் பின் பெண்ணிடம் எதிர்பார்க்கப்படுவன பெரும்பாலும் வழக்காற்றின் கையிலேயே விடப்பட்டன. வயது, உடல், உழைப்பு, சொத்து ஆகிய நான்கு களங்களில் இவ்விடைவெளியை இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: சுயமரியாதைத் திருமணம், கரணம், மகட்கொடை, இந்து திருமணச் சட்டம், வீட்டுழைப்பு, சொத்துரிமை, பெண்ணியம்.

முன்னுரை

தமிழில் ‘வாழ்க்கைப்படுதல்’ என்றொரு வினை வழங்குகிறது. ஒரு பெண் ஓர் ஆணுக்கு வாழ்க்கைப்பட்டாள் எனலாம். ஓர் ஆண் ஒரு பெண்ணுக்கு வாழ்க்கைப்பட்டான் என்னும் வழக்கு இல்லை. கணவனைப் பிரிந்து பிறந்த வீட்டிற்குத் திரும்பியவளைக் குறிக்க ‘வாழாவெட்டி’ என்னும் சொல் உண்டு. மனைவியைப் பிரிந்தவனைக் குறிக்க அதற்கு இணையான ஆண்பாற்சொல் இல்லை. ‘பெண் கொடுத்தல்’, ‘பெண் எடுத்தல்’ என்பன இன்றும் மணப்பேச்சின் இயல்பான தொடர்கள். மணம் என்னும் நிகழ்வில் பெண்ணை வினைமுதலாகக் கொள்ளாமல் செயப்படுபொருளாகக் கொள்ளும் பார்வை இச்சொற்களில் பதிந்துள்ளது.

இப்பார்வையை நேரடியாக எதிர்கொண்ட இருபதாம் நூற்றாண்டுத் தமிழ் முயற்சி சுயமரியாதைத் திருமணம். அம்மணம் குறித்த ஆய்வுகள் பெரும்பாலும் புரோகித மறுப்பு, சாதி மறுப்பு, சிக்கனம் ஆகிய கூறுகளை முன்னிறுத்துகின்றன. ச. ஆனந்தி, வ. கீதா, சாரா ஹாட்ஜஸ், மைதிலி ஸ்ரீநிவாஸ் முதலியோர் இயக்கத்தின் பெண்ணரசியலையும் குடும்பம் பற்றிய அதன் கருத்தாக்கங்களையும் ஆய்வுக்கு உட்படுத்தியுள்ளனர். அவ்வாய்வுகளின் தொடர்ச்சியாக, இயக்கம் முன்வைத்த ஒப்பந்தக் கருத்தில் எப்பகுதி சட்டமானது, எப்பகுதி ஆகவில்லை என்னும் வினாவை இக்கட்டுரை எடுத்துக்கொள்கிறது.

1. கொடையாகிய மணம்

தொல்காப்பியக் கற்பியலின் முதல் நூற்பா, கற்பு என்பதைக் கரணத்தோடு கூடிய மணமாக வரையறுக்கிறது. கொள்ளுதற்குரிய மரபினனாகிய கிழவன், கொடுத்தற்குரிய மரபினோர் கொடுப்பக் கிழத்தியைக் கொள்வது என்பது அதன் பொருள். இவ்வரையறையின் தொடரமைப்பு கருதத்தக்கது. கொள்பவன் கிழவன், கொடுப்போர் அவளுடைய சுற்றத்தார், கிழத்தியோ இரண்டாம் வேற்றுமை ஏற்று நிற்கிறாள். மணத்தை வரையறுக்கும் தொடரில் அவளுக்கெனத் தனிவினை இல்லை.

எனினும் மரபு ஒற்றைக் குரலில் பேசவில்லை. கொடுப்போர் இன்றியும் உடன்போக்கில் கரணம் நிகழ்தல் உண்டென அடுத்த நூற்பா உடன்படுகிறது. பொய்யும் வழுவும் தோன்றிய பின்னரே கரணம் யாக்கப்பட்டது என்று மற்றொரு நூற்பா காரணம் கூறுகிறது. இதன்படி கரணம் என்பது தெய்வ விதியன்று. ஒருவன் தான் கொண்ட உறவை மறுத்துவிடாமல் காக்கும் சான்று. அகப்பாடல்களின் அறத்தொடு நிற்றலும் உடன்போக்கும் பெண்ணின் விருப்பத்திற்கு இடமளிக்கின்றன. மறுபுறம், புறத்திணையின் மகட்பாற்காஞ்சிப் பாடல்களில் பெண் கேட்டு வரும் வேந்தனுக்கும் தர மறுக்கும் தந்தை, தமையன்மாருக்கும் இடையிலான பகையே பேசப்படுகிறது.

மணத்தின் முடிவைக் குறிக்கும் துறைப்பெயர்களிலும் இவ்வேறுபாடு தொடர்கிறது. மனைவியை இழந்தவனின் நிலை ‘தபுதார நிலை’. கணவனை இழந்தவளின் நிலை ‘தாபத நிலை’. முன்னது இழப்பை மட்டும் சுட்டுகிறது. பின்னது தவ ஒழுக்கத்தைச் சுட்டுகிறது. ஆணுக்குத் துணையின் மரணம் ஒரு நிகழ்வு. பெண்ணுக்கு அதுவே ஒரு நடத்தை விதி.

இப்பழைய இலக்கணத்திற்கும் இருபதாம் நூற்றாண்டு மணமுறைக்கும் இடையே நேர்க்கோட்டுத் தொடர்ச்சி உண்டென்று கொள்வது வரலாற்றுக்குப் பொருந்தாது. இடையில் வைதிகச் சடங்குகள், சாதிவழி வழக்காறுகள், காலனிய நீதிமன்றங்கள் தொகுத்த இந்துச் சட்டம் ஆகியன மணத்தைப் பலமுறை மாற்றியமைத்தன. ஆயினும் கொடுப்போர், கொள்வோர், கொடுக்கப்படுபவள் என்னும் மூன்று நிலைகளைத் தெளிவாகப் பிரித்துக் காட்டுவதால், பிற்கால மணமுறைகளை அளந்தறிய இவ்வரையறை பயன்படுகிறது. சுயமரியாதை இயக்கம் எதிர்த்த ‘கன்னிகாதானம்’ இதே மூன்று நிலைகளின் மேல் நின்றதே.

2. ஒப்பந்தமாகிய மணம்

1928-ஆம் ஆண்டு அருப்புக்கோட்டையை அடுத்த சுக்கிலநத்தத்தில் நடைபெற்ற மணமே முதல் சுயமரியாதைத் திருமணமாகப் பொதுவாகக் குறிக்கப்படுகிறது. தொடர்ந்து சாதி மறுப்பு மணங்களும் கைம்பெண் மறுமணங்களும் இயக்க மேடைகளில் நடைபெற்றன. 1929-இல் நடந்த குத்தூசி குருசாமி – குஞ்சிதம் திருமணம் அவற்றுள் புகழ்பெற்றது.

இம்மணங்களில் புரோகிதர் இல்லை என்பது வெளிப்படையான மாற்றம். அதனினும் ஆழமான மாற்றம் மணத்தின் தொடரமைப்பில் நிகழ்ந்தது. கொடுப்போர் என்னும் நிலை நீக்கப்பட்டது. மணமகனும் மணமகளும் தனித்தனியே உறுதிமொழி கூறினர். ஒருவர் மற்றவரிடம் எதிர்பார்க்கும் உரிமைகளை மற்றவரும் எதிர்பார்க்கலாம் என்னும் பொருளில் அவ்வுறுதிமொழி அமைந்தது. ‘ஏற்றுக்கொள்கிறேன்’ என்னும் தன்மை வினையைப் பெண்ணும் அவையறியக் கூறியபோது, செயப்படுபொருளாக இருந்தவள் வினைமுதலானாள்.

இவ்வொப்பந்தம் வெறும் உறுதிமொழியாக மட்டும் கருதப்படவில்லை. 1929 பிப்ரவரியில் செங்கற்பட்டில் கூடிய முதல் மாகாணச் சுயமரியாதை மாநாடு, பெண்ணின் மணவயது பதினாறுக்குக் குறையலாகாது, மணத்தை முறித்துக்கொள்ளும் உரிமை வேண்டும், கைம்பெண்கள் மறுமணம் செய்துகொள்ள வேண்டும், பெண்களுக்கு ஆண்களுக்குச் சமமான சொத்துரிமை வேண்டும் எனத் தீர்மானங்கள் நிறைவேற்றியது. பெரியாரின் ‘பெண் ஏன் அடிமையானாள்?’ நூலின் இயல்களும் கற்பு, கல்யாண விடுதலை, மறுமணம், சொத்துரிமை, கர்ப்பத்தடை என விரிகின்றன. கர்ப்பத்தடையைப் பிறர் உடல்நலம், வறுமை ஆகிய காரணங்களுக்காக ஆதரித்தபோது, பெண்ணின் விடுதலைக்காக அதனை ஆதரித்தது அந்நூலின் தனித்தன்மை.

ஆகவே இயக்கம் முன்வைத்தது ஒரு தொகுப்பு: புதிய மணமுறை, மணத்தினின்று வெளியேறும் உரிமை, தன் உடல்மீது பெண்ணுக்கு உரிமை, அவ்வுரிமைகளைத் தாங்கி நிற்கச் சொத்து. இந்நான்கும் ஒன்றையொன்று சார்ந்தவை. வெளியேறும் வழியும் வாழ்வதற்கான பொருளும் இல்லாதவளின் ‘ஏற்றுக்கொள்கிறேன்’ என்னும் சொல் முழுமையான இசைவாகாது. ஒப்பந்தம் என்னும் பெயராலேயே சமத்துவம் வந்துவிடாது என்பதை அரசியல் கோட்பாட்டாளர் கரோல் பேட்மேன் 1988-இல் வெளியிட்ட நூலில் விரிவாக விளக்கினார். பிற ஒப்பந்தங்களின் நிபந்தனைகளை இருதரப்பினரும் பேசி அமைக்கலாம். மண ஒப்பந்தத்தின் நிபந்தனைகளோ அவர்கள் வருவதற்கு முன்பே அமைந்துவிடுகின்றன என்பது அவர் வாதத்தின் ஒரு பகுதி. சுயமரியாதைத் திருமணம் சட்டமான வரலாற்றை அறிய இக்கருத்து துணைசெய்கிறது.

3. சட்டம் ஏற்ற பகுதி

சுயமரியாதைத் திருமணங்கள் நாற்பதாண்டுக் காலம் சட்ட ஏற்பின்றியே நடந்தன. 1953-இல் சென்னை உயர் நீதிமன்றம், இத்தகைய மணமொன்றில் சாத்திரச் சடங்குகளும் இல்லை, நெடுங்கால வழக்காறும் இல்லை என்னும் அடிப்படையில் அது செல்லாது எனத் தீர்ப்பளித்தது. இதன் சுமை இருபாலார்க்கும் சமமாக விழவில்லை. மணம் செல்லாதெனில் ஆண் இழப்பது குறைவு. பெண்ணோ மனைவி என்னும் நிலையையும் அதன்வழி வரும் உரிமைகளையும் இழக்கிறாள். அவள் ஈன்ற பிள்ளைகளின் உரிமையும் ஐயத்துக்குள்ளாகிறது. 1955-ஆம் ஆண்டு இந்து திருமணச் சட்டத்தின் 7-ஆம் பிரிவும் மணமக்களுள் ஒருவரது வழக்காற்றுச் சடங்குகளையே மணத்தின் அடையாளமாகக் கொண்டது.

சி. என். அண்ணாதுரை தலைமையிலான அரசு 1967-இல் கொண்டுவந்து 1968 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த திருத்தம், 7-அ என்னும் பிரிவைச் சேர்த்தது. உறவினர், நண்பர் அல்லது பிறர் முன்னிலையில் இருவரும் ஒருவரையொருவர் ஏற்பதாக அறிவித்தல், மாலை அல்லது மோதிரம் மாற்றிக்கொள்ளுதல், தாலி கட்டுதல் ஆகியவற்றுள் ஏதேனும் ஒன்று போதும் என்றது அப்பிரிவு. முன்னர் நடந்த மணங்களும் அவை நடந்த நாள் முதலே செல்லுபடியாகும் என்றது. ஆயிரக்கணக்கான பெண்களின் நிலையை இது உறுதிப்படுத்தியது.

சட்ட ஏற்பின் பயன் பிற்காலத் தீர்ப்புகளிலும் புலப்படுகிறது. 2001-இல் உச்ச நீதிமன்றத்தின் முன் வந்த வழக்கொன்றில், முதல் மனைவி இருக்க இரண்டாம் மணம் செய்துகொண்டவன்மீது குற்றச்சாட்டு எழுந்தது. இரண்டாம் மணத்தில் ஏழடி எடுத்துவைக்கும் சடங்கு நிகழாமையால் அது மணமே ஆகாது என்பது எதிர்வாதம். 7-அ பிரிவின்படி அச்சடங்கு தேவையில்லை என்று நீதிமன்றம் அவ்வாதத்தை மறுத்தது. சடங்குக் குறைபாட்டைக் காட்டிப் பொறுப்பினின்று நழுவும் வழி இவ்வாறு அடைபட்டது. பொய்யும் வழுவும் தோன்றியமையால் கரணம் வந்தது என்னும் தொல்காப்பியக் கருத்தோடு இதனை ஒப்பிட்டு நோக்கலாம். 2023 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம், இம்மணத்திற்குப் பொது அறிவிப்புத் தேவையில்லை என்றும், வழக்கறிஞர் நண்பராகவோ உறவினராகவோ நின்று இதனை நடத்திவைக்கலாம் என்றும் தெளிவுபடுத்தியது. குடும்பத்தின் எதிர்ப்பையும் அச்சுறுத்தலையும் மீறி மணப்போரின் பாதுகாப்பு இத்தீர்ப்பில் கருத்தில் கொள்ளப்பட்டது.

இப்பயன்களை ஏற்றுக்கொண்டே, 7-அ பிரிவின் வாசகத்தை நுணுகி நோக்க வேண்டும். அறிவித்தலிலும் மாலை, மோதிரம் மாற்றுதலிலும் இருவரும் வினைமுதல்கள். மூன்றாவதாகிய தாலி கட்டுதல் அத்தகையதன்று. வழக்கத்தில் கட்டுபவன் ஆண், கட்டப்படுபவள் பெண். மூன்றும் மாற்று வழிகளாகத் தரப்பட்டிருப்பதால், பெண் ஒரு சொல்லும் கூறாமல் தாலி ஏற்பதாலேயே இம்மணம் முழுமை பெறும். அடிமைச் சின்னமென இயக்கம் விமர்சித்த ஒன்று, இயக்கத்தின் பெயராலான பிரிவிலேயே போதுமான மணச்சான்றாக இடம்பெற்றது. சமூகத்தின் பரவலான வழக்கத்தைத் தழுவிக்கொள்ளும் நடைமுறை நோக்கில் இது விளங்கிக்கொள்ளத் தக்கதே. ஆனால் பெண்ணின் தன்மை வினை என்னும் கருத்து கட்டாயமாக இல்லாமல் விருப்பத் தேர்வாகச் சுருங்கியது என்பதும் உண்மை.

4. எழுதப்படாத நிபந்தனைகள்

மணம் நிகழும் முறையைச் சட்டம் மாற்றியது. மணத்தின் பின் யார் எங்கு வாழ்வது, யார் சமைப்பது, யார் பணியை விடுவது, யாருடைய பெற்றோரை யார் பேணுவது என்பன குறித்து 7-அ பிரிவு ஒன்றும் கூறவில்லை. மணமுறையை மட்டும் வகுக்கும் ஒரு பிரிவு அவ்வாறு கூறுவதும் எதிர்பார்க்கத் தக்கதன்று. ஆயின் எழுதப்படாத இடத்தை வழக்காறு நிரப்பியது. சில இடங்களில் பிற சட்டங்களே அவ்வழக்காற்றிற்குத் துணைநின்றன.

4.1 வயது

1929-ஆம் ஆண்டுக் குழந்தைமணத் தடைச்சட்டம் பெண்ணுக்கு 14, ஆணுக்கு 18 எனக் குறைந்தபட்ச வயதை விதித்தது. 1955-ஆம் ஆண்டுச் சட்டம் 15, 18 என்றும், 1978-ஆம் ஆண்டுத் திருத்தம் 18, 21 என்றும் உயர்த்தின. எண்கள் மாறின, மணமகள் இளையவளாக இருத்தல் இயல்பு என்னும் முன்முடிவு மாறவில்லை. வயதில் மூத்தவனும் கல்வியும் வருவாயும் முன்னரே தொடங்கியவனுமாகிய ஆணுக்கு முடிவெடுக்கும் உரிமை தானாகச் சேர்வதற்கு இவ்விடைவெளி ஏற்ற சூழலை அமைக்கிறது.

4.2 உடல்

இந்து திருமணச் சட்டத்தின் 9-ஆம் பிரிவு, தக்க காரணமின்றிப் பிரிந்து வாழும் துணையை மீண்டும் சேர்ந்து வாழுமாறு கோரி வழக்கிட இடமளிக்கிறது. சொல்லளவில் இது கணவனுக்கும் மனைவிக்கும் பொது. 1983-இல் ஆந்திரப் பிரதேச உயர் நீதிமன்றம், பெண்ணின் உடல், அந்தரங்கம் ஆகியவற்றின்மீது இப்பிரிவு செலுத்தும் வன்மையைச் சுட்டி, இது அரசமைப்புக்கு முரணானது என்றது. 1984-இல் உச்ச நீதிமன்றம் பிறிதொரு வழக்கில் இக்கருத்தை ஏற்காமல் பிரிவின் செல்லுபடியை நிலைநிறுத்தியது. 2024 ஜூலை முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 63-ஆம் பிரிவும், பதினெட்டு வயது நிறைந்த மனைவியிடம் கணவன் கொள்ளும் உறவை வன்புணர்ச்சி வரையறையினின்று விலக்கும் பழைய விதிவிலக்கைத் தொடர்கிறது. மணநாளில் ஒருமுறை கூறிய இசைவு வாழ்நாள் முழுமைக்குமான இசைவாகக் கொள்ளப்படுகிறது. ஒப்பந்தக் கோட்பாட்டின் அடிப்படையாகிய இசைவையே இது வலுவிழக்கச் செய்கிறது.

4.3 உழைப்பு

தேசியப் புள்ளியியல் அலுவலகம் 2019-இல் நடத்திய காலப்பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, இந்திய அளவில் ஊதியமற்ற வீட்டுப்பணியில் ஈடுபட்ட பெண்கள் நாளொன்றுக்குச் சராசரியாக 299 நிமிடங்களையும், ஆண்கள் 97 நிமிடங்களையும் அதற்குச் செலவிட்டனர். இச்சராசரி அப்பணியில் ஈடுபட்டோரை மட்டுமே கணக்கில் கொண்டது. பெண்களில் 81.2 விழுக்காட்டினர் ஈடுபட்டனர்; ஆண்களில் 26.1 விழுக்காட்டினரே ஈடுபட்டனர். ஏறத்தாழ ஐந்து மணிநேரம் என்பது ஊதியப்பணி நாளொன்றின் பாதிக்கும் மேற்பட்ட அளவு. எந்த உறுதிமொழியிலும் இடம்பெறாத இவ்வுழைப்பே மணத்தின் முதன்மையான நிபந்தனையாக இயங்குகிறது.

அண்மைக்காலத்தில் இவ்வுழைப்பைக் கணக்கில் கொள்ளும் முயற்சிகள் தமிழகத்தில் எழுந்துள்ளன. 2023 செப்டம்பரில் தொடங்கப்பட்ட கலைஞர் மகளிர் உரிமைத் தொகைத் திட்டம், தகுதியுள்ள குடும்பத் தலைவியருக்கு மாதம் 1000 ரூபாய் வழங்குகிறது. ‘உதவித் தொகை’ என்னாமல் ‘உரிமைத் தொகை’ எனப் பெயரிட்டமை கருத்தளவில் முன்னேற்றம். எனினும் தொகையை வழங்குவது அரசு. உழைப்பின் பயனை நேரடியாகப் பெறும் குடும்பத்திற்குள் பகிர்வு எவ்வாறு அமைய வேண்டும் என்னும் வினா எஞ்சுகிறது. அவ்வினாவை 2023 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றத் தீர்ப்பொன்று தொட்டது. கணவன் வெளிநாட்டில் பொருளீட்டிய காலத்தில் மனைவி இல்லத்தையும் பிள்ளைகளையும் பேணினாள். அவ்வுழைப்பே அவனைப் பொருளீட்ட இயலச் செய்தமையால் அவ்வருவாயில் வாங்கிய சொத்தில் அவளுக்குச் சமபங்கு உண்டு என நீதிமன்றம் கூறியது. இது ஒரு வழக்கின் தீர்ப்பேயன்றிப் பொதுச்சட்டமன்று. மணவாழ்வில் ஈட்டிய சொத்தை இருவர்க்கும் பொதுவாக்கும் சட்டம் இந்தியா முழுமைக்குமாக இயற்றப்படவில்லை.

4.4 சொத்து

செங்கற்பட்டுத் தீர்மானத்தின் சொத்துரிமைக் கோரிக்கை அறுபதாண்டுகள் கழித்தே தமிழகத்தில் ஒரு முக்கிய நிலையை எட்டியது. 1989-ஆம் ஆண்டுத் திருத்தம் கூட்டுக்குடும்பச் சொத்தில் மகளை மகனுக்கு இணையான பங்காளியாக்கியது. ஆயின் திருத்தம் நடைமுறைக்கு வருமுன் மணமான மகளிரை அது விலக்கியது. ஒரே தந்தைக்குப் பிறந்த இரு மகளிருள், மணமாகாதவள் பங்காளி, மணமானவள் பங்காளியல்லள். மகனின் உரிமையை அவனுடைய திருமணம் எவ்வகையிலும் பாதிக்கவில்லை. மணமானவள் பிறிதொரு குடும்பத்திற்குக் கொடுக்கப்பட்டுவிட்டவள் என்னும் பழைய பார்வை, சமத்துவம் நல்கும் சட்டத்தினுள்ளேயே இடம்பெற்றது. 2005-ஆம் ஆண்டு மையச் சட்டத்திருத்தமே இவ்விலக்கைக் கைவிட்டது.

மற்றொரு விதி இன்றும் தொடர்கிறது. 1956-ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 15-ஆம் பிரிவின்படி, உயில் எழுதாமல் இறந்த பெண்ணுக்குப் பிள்ளைகளோ கணவனோ இல்லையெனில், அவள் தானே ஈட்டிய சொத்து அவளுடைய தாய் தந்தையர்க்குச் செல்வதில்லை. கணவனின் வாரிசுகளுக்கே முதலில் செல்கிறது. பெற்றோர்வழி வந்த சொத்திற்கு மட்டும் விலக்கு உண்டு. 2009-இல் உச்ச நீதிமன்றம், கணவனை இழந்து புகுந்த வீட்டாரால் வெளியேற்றப்பட்டுப் பிறந்த வீட்டாரால் பேணப்பட்ட பெண்ணொருத்தியின் சொந்தச் சம்பாத்தியம், சட்டத்தின் சொற்படி கணவன் வழியினர்க்கே உரியது எனத் தீர்ப்பளித்தது. இதே நிலையில் ஆணின் சொத்து மனைவியின் உறவினர்க்குச் செல்வதில்லை.

முடிவுரை

மேற்கண்ட ஆய்வால் மூன்று கருத்துகள் பெறப்படுகின்றன. முதலாவது, சுயமரியாதைத் திருமணத்தின் தனிச்சிறப்பு புரோகித மறுப்போடு முடிவதன்று. மணத்தின் தொடரில் பெண்ணை வினைமுதலாக்கியதே அதன் பெண்ணியப் பங்களிப்பு. இரண்டாவது, இயக்கம் ஒருங்கே முன்வைத்த தொகுப்பினின்று மணமுறை தனியே பிரித்தெடுக்கப்பட்டுச் சட்டமானது; எஞ்சியவை வெவ்வேறு சட்டங்களின்வழி, பல்லாண்டு இடைவெளியில், பகுதி பகுதியாகவே வந்தன. செங்கற்பட்டுத் தீர்மானத்திற்கும் மணமான மகளின் பங்குரிமைக்கும் இடைப்பட்ட காலம் 76 ஆண்டுகள். மூன்றாவது, அவ்வாறு வந்தபோதும் பெண்ணின் உரிமையை அவளுடைய மணநிலையைக் கொண்டே அளக்கும் போக்கு தொடர்ந்தது; கொடை என்னும் கருத்து சடங்கினின்று நீங்கிய பின்னரும் வாரிசுரிமை விதிகளில் எஞ்சி நின்றது.

இதனால், திருமணம் குறித்த பெண்ணிய விமர்சனம் சடங்கு எளிமையை அளவுகோலாகக் கொண்டு நிறைவடைய இயலாது. புரோகிதரின்றி நடந்த மணத்திலும் 299 நிமிட உழைப்பு ஒருத்தியின்மேல் சுமத்தப்படலாம். ஒப்பந்தம் என்னும் சொல்லை முழுப்பொருளில் ஏற்பதாயின், அதன் நிபந்தனைகளை இருவரும் அறியவும் பேசவும் மாற்றவும் மறுக்கவும் இயல வேண்டும். மறுத்தவள் வாழ்வதற்குரிய பொருளும் அவளிடம் இருத்தல் வேண்டும்.

சுயமரியாதைத் திருமண அழைப்பிதழ்கள், உறுதிமொழிப் பாடங்கள், மணவிழா உரைகள் ஆகியவற்றைக் காலவரிசையில் தொகுத்து ஆராய்வது இத்துறையில் அடுத்து செய்யத்தக்க பணியாகும். 1930-களின் உறுதிமொழிகளில் பெண் கூறிய தன்மை வினைகள், பிற்கால மணமேடைகளில் எந்த அளவிற்கு நிலைத்தன, எங்கே வாழ்த்துரைகளுக்கு வழிவிட்டு மறைந்தன என்பதை அவ்வாவணங்கள் காட்டக்கூடும். கைம்பெண் மறுமணம், சாதி மறுப்பு மணம் ஆகியவற்றை மேற்கொண்ட பெண்களின் பிற்கால வாழ்வையும் அதனோடு இணைத்து நோக்கினால், ஒப்பந்தத்தின் எழுதப்படாத பகுதியை அவர்கள் எவ்வாறு எதிர்கொண்டனர் என்பதும் தெளிவாகும்.